முன்பல் நாலு

அந்த வீட்டுக் கட்டில் ஆறியதே கிடையாது. விடியுமுன் மூன்றரைக்குப் புருஷன் எழுந்து ரொட்டி அடுப்புக்குப் போவான். ஏழு மணிவரை பெண்டாட்டி படுத்திருப்பாள். பகல் பன்னிரண்டுக்குமேல் அவன் வந்து, சாப்பிட்டுச் சாய்ந்தால் நாலு மணிக்குத்தான் எழுவான். மறுபடி எட்டு மணிக்கு அவன், பத்து மணிக்கு அவள். சலவைக்கூடத்தில் மத்தியானம் ஒரு மணிக்கு அவள் வருகைக் கார்டு அடிக்க வேண்டும்; அடித்தால் இரவு ஒன்பதுவரை ஆஸ்பத்திரி விரிப்புகளோடுதான் பிழைப்பு. ஆக, இரண்டு பேரும் கண்ணைத் திறந்துகொண்டு ஒருவரையொருவர் பார்ப்பது நாளைக்கு அரைமணி நேரம். அதிலும் பாதி செருப்புத் தேடுவதில் போய்விடும்.

இந்த இரண்டு பேருக்கும் நடுவில் வளர்ந்தவள் குண்டு. பிறந்தபோது நாலு கிலோவுக்குக் கொஞ்சம்தான் குறைச்சல் என்று நர்ஸம்மா வைத்த பேர் அது. இப்போது வயசு நாலு, பேரில் மட்டும்தான் குண்டு. மேல்வரிசையில் முன்பல் நாலும் பழுப்பேறி, ஓரம் அரித்து, ஈறோடு ஒட்டிய துணுக்குகளாக நின்றன. ஒரு மாதமாகச் சாப்பாடும் இறங்கவில்லை. வாயில் வாங்கிக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு, அரைமணி கழித்து யாரும் பார்க்காதபோது துப்பிவிடுவாள்.

அன்று மத்தியானமும் அப்படித்தான். அம்மா வேலைக்கு உடுத்திக்கொண்டே ஊட்டிக்கொண்டிருந்தாள். அப்பா மாவு படிந்த முழங்கையைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"பாலர் பள்ளி டீச்சர் கூப்பிட்டாங்க. பிள்ளை பேசவே மாட்டேங்குதாம். ஏதாவது கேட்டா கையால வாயைப் பொத்திக்கிதாம். பக்கத்துல இருக்கிற பசங்க கிழவி கிழவின்னு கூப்பிடுதுங்களாம்."

"வீட்டுலயே பேசறதில்ல, அங்க என்ன பேசப்போவுது?"

"ஏன் பேசறதில்லன்னு ஒருநாளாவது யோசிச்சீங்களா?"

"எப்ப யோசிக்கிறது, சொல்லு. அடுப்புக்கு முன்னால நின்னு யோசிச்சா கை வெந்துடும்."

அவன் சொன்னது வாய்ப்பேச்சில்லை. போன வருஷம் தூக்கக் கலக்கத்தில் தட்டை இழுக்கும்போது வலதுகை வெந்து, தழும்பு இன்னும் பளபளவென்றுதான் இருந்தது. அவள் அதைப் பார்த்துவிட்டு அடுத்த கவளத்தை நீட்டினாள். குண்டு மேல் உதட்டை ஒதுக்கியபோதுதான் ஈறில் பயறு அளவுக்கு ஒரு கொப்புளம் தெரிந்தது. அழுத்தினால் சீழ் வரும்போல இருந்தது.

"அய்யோ, இங்க பாருங்க."

அவன் பார்த்தான். "நாளன்னைக்கு எனக்கு லீவு. நீ அரைநாள் போட்டுக்கோ. ரெண்டு பேருமே கூட்டிட்டுப் போவோம்" என்றான். ரெண்டு பேருமே என்ற சொல்லைக் கேட்டு குண்டு அம்மாவை ஒருமுறை, அப்பாவை ஒருமுறை பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள்.

சலவைக்கூடத்தில் அவளுக்கு விரிப்பு மடிக்கிற வேலை. நீராவி உருளையிலிருந்து சுடச்சுட வெளியே வரும் விரிப்பை இந்த முனையில் இவள் பிடிக்க, அந்த முனையில் இன்னொருத்தி பிடிப்பாள். உதறி, இழுத்து, எட்டு வைத்து நெருங்கி, முனையோடு முனை சேர்த்து, மறுபடி விலகி, மறுபடி நெருங்கி, அப்படி ஒரு ஷிப்டுக்கு நானூறு விரிப்பு. பேச வேண்டுமானால் நெருங்கும்போது பேசிக்கொள்ள வேண்டும், விலகினால் உருளைச் சத்தத்தில் ஒன்றும் காதில் விழாது. எதிர்முனைக்காரியை எல்லாரும் மடிப்பக்கா என்று கூப்பிடுவார்கள். அவளுக்கு மடிப்பில் இருபது வருஷ சர்வீஸ், வாயில் அதைவிட அதிகம்.

"பால் பல்லுக்குப் போய் எதுக்குடி இவ்வளவு கவலைப்படறே?" என்றாள் மடிப்பக்கா, நெருங்கி.

விலகினார்கள்.

"விழுந்து முளைக்கப்போறதுதானே!"

"சாப்பிட மாட்டேங்குறாளேக்கா."

"பசிச்சா தானா சாப்பிடும். ஆமா, பாட்டிலெல்லாம் நிறுத்திட்டியா?"

அதற்குள் விரிப்பு மடிந்து முடிந்துவிட்டது. அடுத்ததைப் பிடிக்க இவள் ஓடினாள். நல்லவேளை என்று நினைத்துக்கொண்டாள்.

பாட்டிலை நிறுத்தியது ஊரறிந்த கதை. குண்டுவுக்கு இரண்டரை வயசாகும்போது, இனிமேல் டம்ளரில்தான் என்று சொல்லி, புருஷன் பார்க்க, குண்டு பார்க்க, பாட்டிலைக் குப்பை வண்டியில் போட்டவள் இவள்தான். அன்றைக்குப் புருஷன்கூட, "பரவாயில்லையே, கல்நெஞ்சுதான் உனக்கு" என்று மெச்சினான். கல்நெஞ்சு ஆறு நாள்தான் தாங்கியது. வேலை முடிந்து அவள் கதவைத் திறக்கிற சத்தத்துக்குக் குண்டு விழித்துக்கொண்டு அழும். அழுதால் அவன் எழுந்துகொள்வான். அவன் தூக்கம் கெட்டால் காலையில் அடுப்புக்கு முன்னால் கை வேகும். ஏழாம் நாள் வருகிற வழியில் சிவப்பு மூடி போட்ட புதுப் பாட்டில் ஒன்று வாங்கினாள். ஒரு டம்ளர் பால், இரண்டு ஸ்பூன் சர்க்கரை. குண்டு சப்பிக்கொண்டே தூங்கிவிடும், அவன் அசைய மாட்டான். பாட்டில் பருப்பு டப்பாவுக்குள், பருப்புக்கு அடியில் இருக்கும்.

"அப்பாகிட்ட மூச்சு விடக் கூடாது, என்ன?" என்று காதில் சொல்வாள். குண்டு தலையாட்டுவாள். ஒன்றரை வருஷமாக அந்தப் பிள்ளை மூச்சு விட்டதில்லை.

பல் டாக்டர் ஒரு அம்மாள். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு, குண்டுவின் வாய்க்குள் சின்ன விளக்கை அடித்துப் பார்த்தார். வாயைத் திறக்க வைக்கவே கால்மணி நேரம் ஆயிற்று.

"பாட்டில்ல பால் குடிக்குதா?"

"இல்லீங்க டாக்டர். ரெண்டரை வயசுலயே நிறுத்திட்டோம்."

"ஆமாங்க, நிறுத்திட்டோம்" என்று அவனும் வேகமாகத் தலையாட்டினான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற இந்தப் பொய்க்குப் புருஷன் இவ்வளவு நம்பிக்கையோடு சாட்சி சொல்கிறானே என்று அவளுக்கு நெஞ்சு சுட்டது.

டாக்டர் இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்தார். "கீழ்வரிசை நல்லா இருக்கு. மேல முன்பல்லு நாலும்தான் போயிருக்கு. பாட்டிலை வாயில வெச்சுக்கிட்டே தூங்கற பிள்ளைங்களுக்குத்தான் இப்படி வரும். தூங்கும்போது எச்சில் அவ்வளவா ஊறாது, இனிப்புப் பால் பல்லு மேலயே தேங்கி நிக்கும். நான் போலீஸ் இல்லம்மா, உங்களைத் திட்ட வரல. ஆனா குடுக்கறீங்கன்னா இன்னைக்கே நிறுத்துங்க. இல்லாட்டி கடைவாய்ப் பல்லும் போயிடும்."

"முன்பல்லு என்ன பண்றது டாக்டர்?"

"நாலையும் எடுக்கணும். சீழ் பிடிச்சிருக்கு. மருந்து எழுதித் தரேன், பத்து நாள் கழிச்சுக் கூட்டிட்டு வாங்க."

"பால் பல்லுதானே, தானா விழுந்துடாதா?" என்றான் அவன்.

"விழற பல்லுதான். ஆனா விழறவரைக்கும் வேணுமில்ல? கடிக்க வேணும், பேச வேணும், நாலு பேர் முன்னால சிரிக்க வேணும். புதுப்பல்லு வர இன்னும் மூணு வருஷமாவது ஆகும். இந்த ஒரு மாசமா பிள்ளைக்கு எவ்வளவு வலிச்சிருக்கும் தெரியுமா? அது உங்ககிட்ட சொல்லவே இல்லையா?"

இரண்டு பேரும் குண்டுவைப் பார்த்தார்கள். குண்டு சுவரில் ஒட்டியிருந்த முயல் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து அவள் பாட்டிலைத் தொடவில்லை. தூக்கி எறியவும் இல்லை, அது பருப்புக்கு அடியிலேயே கிடந்தது. வேலை முடிந்து வந்ததும் டம்ளரில் வெறும் தண்ணீர் கொடுத்துப் பார்த்தாள். குண்டு தட்டிவிட்டாள். முதுகைத் தட்டினாள், தோளில் போட்டுக்கொண்டு அறைக்குள் நடந்தாள். நானூறு விரிப்பு மடித்த தோள்பட்டை, குண்டு என்று பேர் வைத்த அந்த ஈர்க்குச்சியைக்கூடத் தாங்காமல் கடுத்தது. அவன் எழுந்து உட்கார்ந்துகொண்டு, "ஏன் இப்படிக் கத்தறா? இத்தனை நாள் சமத்தாத்தானே தூங்கினா?" என்று கேட்பான்.

"பல்லு வலி" என்பாள். மறுபடி ஒரு பொய்.

ஒருநாள் அரைமணி நேரச் சந்திப்பில் அவன் சொன்னான்: "மத்தியானம் என்கிட்ட ஒரு தகராறும் பண்றதில்லையே. படுத்த அஞ்சு நிமிஷத்துல தூங்கிடறா."

"உங்க கைராசி" என்றாள் அவள்.

அவள் அதைச் சிரித்துக்கொண்டு சொன்னாலும் வேலைக்குப் போகிற வழியெல்லாம் அது அரித்தது. அவளுடைய லீவு நாளில் மட்டும் மத்தியானம் குண்டு தூங்காமல் அடம் பிடிப்பாள். 'உன்னைக் கண்டாத்தான் செல்லம் கொஞ்சறா' என்று அவன் கேலி செய்வான். அப்பனிடம் அடங்குகிற பிள்ளை என்னிடம் அடங்கவில்லை. பல்லைக் கெடுத்தவளும் நான்தான், தூங்க வைக்கத் துப்பில்லாதவளும் நான்தான் என்று நினைத்துக்கொண்டாள். அன்று இரண்டு விரிப்பைக் கோணலாக மடித்து மேஸ்திரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

எட்டாம் நாள் பாய்லர் கோளாறு. இரண்டு மணிக்கு உருளை நின்றது, இரண்டரைக்கு மேஸ்திரி வந்து எல்லாரும் வீட்டுக்குப் போங்கள் என்றார். மடிப்பக்கா, "ஆயுசுல ஒருநாள் வெயில்ல வீட்டுக்குப் போறேன், வழி தெரியுமோ என்னமோ" என்றாள். இவள் கடையில் இரண்டு வாழைப்பழம் வாங்கிக்கொண்டாள். நன்றாகப் பழுத்தது, கடிக்க வேண்டியதில்லை.

கதவு வெறுமனே சாத்தியிருந்தது. மெல்லத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். அவன் மல்லாந்து படுத்து, தழும்புக் கையை நெற்றியில் போட்டுக்கொண்டு, வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தான். பக்கத்தில் சுவரோரம் குண்டு தூங்கினாள். அவள் வாயில் பாட்டில் இருந்தது. அரைப் பாட்டில் பால் மிச்சம்.

பருப்பு டப்பாவிலிருந்து எடுத்துவிட்டானோ என்றுதான் முதலில் நினைத்தாள். கிட்டப் போய்ப் பார்த்தாள். இதன் மூடி பச்சை. இந்தப் பாட்டிலை அவள் வாழ்நாளில் பார்த்ததில்லை. கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும் அவனுடைய மழைக்கால பூட்ஸ் ஒன்று இறக்கி வைக்கப்பட்டிருந்தது, அதற்குள்ளிருந்து பிளாஸ்டிக் உறை ஒன்று எட்டிப் பார்த்தது.

கோபம் வந்தது. பொங்கிக்கொண்டுதான் வந்தது. அவனைப் பிடித்து உலுக்கக் கையும் நீண்டது. ஆனால் பாதி வழியில் கை நின்றுவிட்டது. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். அவளுக்குத் தன் முதுகு நன்றாகவே தெரிந்தது. சர்க்கரை டப்பா மாதாமாதம் சீக்கிரம் காலியானது நினைவுக்கு வந்தது. அவன்தான் டீயில் அள்ளிப் போடுகிறான் என்று இவள் நினைத்திருந்தாள். அவன் இவளை நினைத்திருப்பான். இரண்டு பேரும் ஒரு வார்த்தை கேட்காமல் மாறிமாறி வாங்கி நிரப்பியிருக்கிறார்கள்.

குண்டுவின் வாயிலிருந்து பாட்டிலை மெல்ல உருவினாள். பருப்பு டப்பாவுக்குள் கையை விட்டுத் தன் பாட்டிலையும் எடுத்தாள், கொஞ்சம் பருப்பு தரையில் சிந்தியது. இரண்டையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு, தரையில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்துகொண்டாள். அழுகைகூட வரவில்லை, அவ்வளவு அலுப்பு.

பருப்பு சிந்திய சத்தத்தில் அவனுக்குத் தூக்கம் கலைந்துவிட்டிருந்தது. அவளைப் பார்த்தான். மேசையைப் பார்த்தான்.

"நீ எப்ப வந்தே?"

"பாய்லர் நின்னுடுச்சு."

"அது வந்து..." என்று ஆரம்பித்தவன், சிவப்பு மூடியைக் கண்டதும் நிறுத்திவிட்டான். "அது யாருது?"

"என்னுது."

பிறகு அவன் எழுந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான்.

"எப்பலேர்ந்து?"

"குப்பையில போட்ட அடுத்த வாரத்துலேர்ந்து. நீங்க?"

"அதே வாரம்தான்னு நெனைக்கிறேன்." கண்ணைத் தேய்த்துக்கொண்டான். "நீ கிளம்பினதும் வாசலையே பாத்துக்கிட்டு அம்மா அம்மான்னு அழுவா. என்னால தாங்க முடியல. கண்ணு சொருகிக்கிட்டு வரும். ஒருநாள் அழுதுக்கிட்டே கதவைத் திறந்துக்கிட்டு ரோட்டுக்குப் போயிட்டா, நான் தூங்கிட்டேன். எதிர்வீட்டுக்காரர்தான் தூக்கிட்டு வந்தார். உன்கிட்ட சொல்லல. அன்னைக்கு வாங்கினதுதான் இது."

"டாக்டர் சொன்னதுக்கு அப்புறமும் குடுத்திருக்கீங்களே."

"ஒருவேளைதானே குடுக்கறோம், அதுவா பல்லைத் தின்னுடும்னு நெனைச்சேன்."

"நானும் ஒருவேளைன்னுதான் நெனைச்சேன்."

"நீ நிறுத்திட்டியா?"

"எட்டு நாளாச்சு."

"அப்ப அந்தக் கத்தல்..."

"அதுதான்."

அவன் பச்சை மூடிப் பாட்டிலைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவளுக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"போயும் போயும் பூட்ஸுக்குள்ளயா வெச்சீங்க?"

"கவர் போட்டுத்தான் வெச்சேன். கொதிக்கிற தண்ணியில கழுவிடுவேன். உன் கண்ணுக்குப் படாத இடம் இந்த வீட்டுல வேற எது இருக்கு?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்போடு சேர்ந்து அழுகையும் வந்துவிட்டது. அந்தச் சத்தத்தில் குண்டு விழித்துக்கொண்டாள். அப்பா முதலில் கண்ணில் பட்டான். வேளை கெட்ட வேளையில் அம்மா பட்டாள். பிறகு மேசைமேல் சிவப்பு மூடி, அப்பா கையில் பச்சை மூடி. குழந்தையின் முகம் வெளுத்துப்போயிற்று. சுவரோடு ஒட்டிக்கொண்டு, போர்வையை மூக்குவரை இழுத்துக்கொண்டாள்.

"நான் சொல்லலப்பா" என்றாள். அம்மா பக்கம் திரும்பினாள். "நான் சொல்லலம்மா. நெஜமா நான் சொல்லல."

மாதக்கணக்கில் அந்தப் பிள்ளை வாயிலிருந்து இவ்வளவு பேச்சு வந்ததில்லை. அம்மா எழுந்து ஓடி அவளை அள்ளிக்கொண்டாள். அவன் அசையாமல் உட்கார்ந்திருந்தான். "அம்மாகிட்ட சொல்லாதேன்னு நான்தான் சொல்லி வெச்சேன்" என்றான், யாரிடமோ சொல்வதுபோல.

"நானும்தான் சொல்லி வெச்சேன்."

பெரியவர்கள் இரண்டு பேர் ஆளுக்கு ஒரு ரகசியம் வைத்திருந்தார்கள். நாலு வயசுப் பிள்ளை இரண்டையும் வைத்திருந்தது. எதைச் சொன்னால் எது வெளியே வந்துவிடுமோ என்று எதையுமே சொல்லாமல் இருந்துவிட்டது. பல் வலியையும் அதோடு சேர்த்து அடக்கிக்கொண்டது. இது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"நீ சொல்லலடா கண்ணு. அம்மாவே பாத்துட்டேன். உன்மேல ஒரு தப்பும் இல்ல" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். குண்டு நம்பியதாகத் தெரியவில்லை. இரண்டு பாட்டிலையும் அவன் அன்றைக்கே குப்பையில் போட்டான். குண்டு ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். இதற்குமுன் ஒரு பாட்டில் குப்பைக்குப் போனதையும் அவள் பார்த்தவள்தானே.

பல் எடுக்கிற அன்று இரண்டு பேரும் முழுநாள் லீவு போட்டார்கள். குண்டு தானாகவே நாற்காலியில் ஏறிப் படுத்தாள். மரத்துப்போக ஊசி போடும்போது அம்மாவின் விரலை இறுகப் பிடித்தாள், அவ்வளவுதான். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று சின்னத் தட்டில் விழுந்த சத்தத்தை அம்மா எண்ணினாள். ஒவ்வொன்றும் நெல்மணி அளவுதான் இருந்தது. பிள்ளை ஒரு சத்தம் போடவில்லை.

"இவ்வளவு சமத்தான பிள்ளையை நான் பாத்ததே இல்ல" என்றார் டாக்டர், பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டே. பாராட்டுத்தான் அது. அம்மாவுக்குக் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

வெளியே நடையில் ஒரு நீள பெஞ்சு. அரைமணி உட்கார்ந்து ரத்தம் நின்றுவிட்டதா என்று காட்டிவிட்டுப் போகச் சொன்னார்கள். அவன் மருந்து வாங்க ஜன்னல் வரிசையில் நின்றான். அம்மா குண்டுவை மடியில் வைத்துக்கொண்டு, "வலிக்குதாடா?" என்று கேட்டாள்.

குண்டு இல்லை என்று தலையாட்டினாள். கொஞ்ச நேரம் அப்பாவின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அம்மாவின் காதைப் பிடித்து இழுத்து, பஞ்சுக்கு நடுவில் குழறிக் குழறிச் சொன்னாள்: "வலிக்குதும்மா. அப்பாகிட்ட சொல்லாத."

அதற்குள் அவன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். உள்ளே நர்ஸ் கையெழுத்துக்குக் கூப்பிடவே, குண்டுவை அவன் மடிக்கு மாற்றிவிட்டுப் போனாள். கையெழுத்துப் போட எவ்வளவு நேரம் ஆகிவிடும்? திரும்பி வரும்போது குண்டுவின் வாய் அவன் காதோரத்திலிருந்து விலகிக்கொண்டிருந்தது. அவன் நிமிர்ந்து இவளைப் பார்த்தான். அந்த முகத்தைப் பார்த்ததும், பிள்ளை என்ன சொல்லியிருக்கும் என்று யாரும் அவளுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அவள் நேராக வந்து உட்கார்ந்து, நடையில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "என்னங்க, இவளுக்கு ரொம்ப வலிக்குதாம். என்கிட்ட சொன்னா."

குண்டு திடுக்கிட்டு அம்மாவைப் பார்த்தாள்.

"ஆமா" என்றான் அவன். "என்கிட்டயும் அதான் சொன்னா. உன்கிட்ட சொல்ல வேணாம்னா. நான் சொல்லிட்டேன்."

குண்டு இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்தாள். ஏதோ நடக்கப்போகிறது என்று காத்திருந்தாள். ஒன்றும் நடக்கவில்லை. அப்பா கோபிக்கவில்லை, அம்மா அழவில்லை. ஒரே பெஞ்சில், ஒரே நேரத்தில், இரண்டு பேரும் கண்ணைத் திறந்துகொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போதுதான் அவள் வாயைத் திறந்தாள். ரத்தம் தோய்ந்த பஞ்சு கீழே விழுந்தது. முன்வரிசை காலியாகக் கிடந்த அந்த வாயைப் பிளந்துகொண்டு, ஒரு மாதத்து வலியையும் சேர்த்து, ஓவென்று அழுதாள். மருந்து வரிசையில் நின்றவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். உள்ளேயிருந்து நர்ஸ் எட்டிப் பார்த்தாள். சத்தம் போடாதே என்று சொல்ல அவள் அப்பாவுக்கும் மனசு வரவில்லை, அம்மாவுக்கும் வரவில்லை.